மூச்சை விடுங்க, மாஸ்டர்

ஜனவரி 8, புதன்

டயர் கடைக்காரர் வருஷா வருஷம் டைரி கொடுப்பார். என் மனைவி கலாமணி வாங்கி வைத்துக்கொள்வாள். இந்த வருஷம் நானே எடுத்துக்கொண்டேன். "உங்களுக்கு எதுக்குங்க டைரி?" என்று கேட்டாள். "பெட்ரோல் கணக்கு" என்றேன். முதல் பக்கத்திலேயே பொய்.

நான் சென்னியப்பன். கோபியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். காலை ஆறரை மணியிலிருந்து இருட்டும் வரை காரின் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, ஊர் ஜனங்கள் உயிரோடு வீடு திரும்பும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. உட்காருவதுதான் இப்போது பிரச்சினை. ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பழம் மேலே வேறு ஏற முயற்சி செய்தால்? அப்படி ஒரு வலி. தொடைகள் சேரும் இடத்தில், நட்டநடுவில். போதாததற்கு அரைமணிக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும். சத்தி ரோட்டில் எந்த டீக்கடைக்குப் பின்னால் வசதி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு நகராட்சிக்குக்கூடத் தெரியாது.

இரண்டு வருஷமாக இப்படித்தான். உள்ளூர் டாக்டர் கிருமி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறையும், மறுபடி வரும். அவர் மாத்திரையின் நிறத்தை மாற்றுவார். இப்போது இடது புட்டத்தில் மட்டும் பாரம் கொடுத்து, ஜன்னலில் முழங்கை வைத்து ஒருக்களித்து உட்காருகிறேன். "மாஸ்டர் ஸ்டைலு" என்று காலேஜ் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டு வருஷமாக நான் ஹாலில்தான் படுக்கிறேன். ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

ஜனவரி 11, சனி

புதிதாக ஒரு மாணவி. பெயர் ஹெப்சிபா. ஈரோட்டில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை, வீடு இங்கே. முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பெண், நாகர்கோவில் பக்கமாம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். நான் பிரேக் என்றேன், அவர் ஹார்ன் அடித்தார். லெஃப்ட் என்றேன், வைப்பர் ஓடியது. ஒரு பால்காரர் வண்டியை விட்டுவிட்டு வேலிக்குள் குதித்தார். கேன்கள் உருண்டன. நல்லவேளை, காலி கேன்கள்.

"சாரி மாஸ்டர். எனக்குப் பயமே வரமாட்டேங்குது, அதான் பிரச்சினை" என்றார்.

உங்களுக்கும் சேர்த்து எனக்கு வருகிறதே அம்மா.

ஜனவரி 19, ஞாயிறு

மச்சான் மகளுக்குச் சீர். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டேன். மூன்று பந்திக்கும் பரிமாறினேன். "மாப்பிள்ளை ஒரு நிமிஷம் உக்காரலையே! என்ன பொறுப்பு!" என்று மாமனார் கண் கலங்கினார். கடைசியில் தூணில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிட்டேன். என் தியாகத்தைப் பற்றிப் பெரியவர்கள் நிறையப் பேசினார்கள்.

கலாமணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊரில் எந்த ஆம்பளைக்கு என்ன வியாதி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் நான் முகத்தைக் காட்டவில்லை.

ஜனவரி 20, திங்கள்

அப்பாவுக்கும் ஒன்றுக்குப் போவதில்தான் ஆரம்பித்தது. கடைசியில் புற்றுநோய் என்றார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஈரோடு போய் யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். காத்திருக்கும் இடத்தில் நிறைய ஆண்கள். ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி. ஓடவில்லை.

டாக்டர் சிவஞானம் வயதானவர், அவசரப்படாதவர். "சங்கடப்படாம சொல்லுங்க. இங்க வர்றவங்க எல்லாரும் அதைச் சொல்லத்தான் வர்றாங்க" என்றார். சொன்னேன். படுக்கையறை சமாச்சாரமான அந்த இன்னொரு விஷயத்தையும் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நெருப்பாக எரியும் என்பதை. அவர் ஆச்சரியப்படாமல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்குத்தான் ஆச்சரியம். இப்படி ஒரு கஷ்டம் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பரிசோதனை செய்தார். பிறகு சிறுநீர், ரத்தம், ஸ்கேன். முடிவு திங்கள்கிழமை.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டி இல்லை! புற்று இல்லை! கிருமியும் இல்லை!

டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினேன். விட மனமில்லை. அவரே மெதுவாக உருவிக்கொண்டார்.

"வலி மட்டும் நெசமுங்களே?" என்றேன்.

"நூத்துக்கு நூறு நெசம். இடுப்புக்கு அடியில தொட்டில் மாதிரி தசைங்க இருக்கு. அது இறுகிப் போச்சு. புராஸ்டேட் வீக்கம்னு ஒரு பேரு வைப்போம், நெறைய பேருக்கு புராஸ்டேட்டுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமே இருக்காது. கிருமியே இல்லாதப்ப கிருமி மாத்திரையை எதுக்குத் திங்கறீங்க? நிறுத்துங்க."

பிறகு சொன்னார். ஒரே மாத்திரையில் போகிற சமாச்சாரம் இல்லையாம். ஒன்றுக்குச் சுலபமாகப் போக ஒரு மாத்திரை. இடுப்பு மூழ்க வெந்நீரில் உட்கார வேண்டும். காபி, பச்சைமிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைத்துப் பார்க்க வேண்டும். தினமும் நடை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுகிய தசையை இளக்கப் பிசியோதெரபி. "இரண்டாவது மாடி. நம்ம பொண்ணு கெட்டிக்காரி. இப்பவே போய்ப் பார்த்துட்டுப் போங்க."

சந்தோஷத்தில் படிகளைத் தாவித் தாவி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

திறந்தது ஹெப்சிபா.

"மாஸ்டர்!"

"உங்க... எல்.எல்.ஆர். விஷயமா வந்தேனுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டு வருஷத்தில் நான் ஓடியது இன்றைக்குத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை வகுப்பு. ஹெப்சிபாதான் ஓட்டினார். கரட்டடிபாளையம் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது நீங்கதானே?"

"இல்லீங்க. அது வேற யாரோ."

"அதே சட்டையைத்தான் போட்டிருக்கீங்க, மாஸ்டர்."

எதிரே ஒரு செங்கல் லாரி வந்தது. ஹெப்சிபா வழக்கம்போல நடுரோட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். லாரி எங்களைத் திட்டிக்கொண்டே போனது.

"இப்ப எங்க இறுக்கிப் பிடிச்சீங்க?" என்றார்.

"பிரேக்கை மிதிச்சேனுங்க."

"கால் மிதிச்சது. கூடவே எது இறுகுச்சு? இன்னும் விடலை நீங்க. பாருங்க."

பார்த்தேன். அடப்பாவமே. லாரி கோபிக்கே போயிருக்கும். நான் இன்னும் அடிவயிற்றுக்குக் கீழே மொத்தத்தையும் கயிறு கட்டி மேலே இழுத்ததுபோல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூச்சையும் சேர்த்து.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிப் பிடிப்பீங்க?"

யோசித்தேன். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு ஆட்டுக்கும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும், சைக்கிளில் வரும் ஒவ்வொரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பிடித்திருக்கிறேன். பிடித்ததை எப்போதாவது விட்டேனா என்பதுதான் தெரியவில்லை.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை வாங்க. இந்த வண்டியில நீங்க எனக்கு மாஸ்டர். அங்க நான் உங்களுக்கு" என்றார். பேச்சு மும்முரத்தில் ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. இருவரும் கூரையை முட்டினோம்.

பிப்ரவரி 20, வியாழன்

பயந்த மாதிரி இல்லை. தசையைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆண் பிசியோதெரபிஸ்ட் வந்தார், அனுமதி கேட்டுத்தான் பார்த்தார், சீக்கிரம் முடித்தார். வலிக்கும் புள்ளியில் கை பட்டதும் "இதுதானுங்க! இதேதானுங்க!" என்று கத்திவிட்டேன். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்ததாம் என் குரல்.

மீதியெல்லாம் ஹெப்சிபா. மல்லாந்து படுத்து, மூச்சை அடிவயிறு வரை இறக்கி, கீழே தளர விட வேண்டும். "பூ விரியற மாதிரி நினைச்சுக்கங்க" என்றார். எனக்குப் பூ வரவில்லை. "சரி, கிளட்சை எப்படி விடச் சொல்லுவீங்க?" என்றார். "பொறுமையா, உசுரே போனாலும் பொறுமையா." "அப்படியே விடுங்க."

விட்டேன். ஏதோ ஒன்று உள்ளே அரை அங்குலம் இறங்கியது. சும்மா இறங்கியதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபேன் தூசு என்று சொன்னேன்.

மார்ச் 2, ஞாயிறு

பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி வந்தேன். "எதுக்குங்க இது?" "கார் கழுவ." டப்பைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தாழ் போட்டு, வெந்நீர் ஊற்றி உட்கார்ந்தேன். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். மூச்சை இழுத்து, "விடு... விடு... நல்லா விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலாமணி கதவைத் தட்டினாள். "உள்ள யாருகூடப் பேசறீங்க?"

எழப் பார்த்தேன். வரவில்லை. டப்பும் நானும் ஒன்றாகிவிட்டிருந்தோம். எழுந்தால் டப்பும் எழுகிறது. ஒருவழியாகப் பக்கவாட்டில் சாய்ந்து விடுபட்டபோது மொத்தத் தண்ணீரும் கதவுக்கு அடியில் ஹாலுக்குப் போய்விட்டது.

"காரைக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

குழம்பில் மிளகாயைக் குறைக்கச் சொன்னேன். காபி வேண்டாம் என்றேன். "இருவத்திரண்டு வருசமா நல்லா இருந்த கொழம்பு இப்ப காந்துதாக்கும்" என்றாள். வியாழக்கிழமை மட்டும் ஏன் சட்டையை இஸ்திரி போடுகிறேன் என்றும் கேட்டாள். அதே நேரம் போன் அடித்தது. திரையில் ஹெப்சிபா என்று வந்தது. கலாமணிதான் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

எனக்கோ வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினேன். இதில் அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

இன்றைக்குப் புதுப் பயிற்சி. மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் அகட்டி மார்புக்குக் கொண்டுவந்து, இரண்டு பாதங்களையும் கைகளால் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை செய்யுமே, அதேதான். நாற்பத்தேழு வயதில், மீசையோடு, நான் அப்படிக் கிடந்தேன். பக்கத்தில் ஹெப்சிபா நின்று, "அருமை. இன்னும் விடுங்க. வெக்கப்படாம விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. கலாமணி. கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். பாலிசிக்காரர் ஒருவர் போன வாரம் என்னை ஆஸ்பத்திரிப் படியில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். "உங்க வூட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே மேல போனாருங்க" என்று.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் முழங்கால்களுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். பாதத்தை விட வேண்டும் என்று தோன்றவில்லை.

"ஏனுங்க," என்றாள் கடைசியில், "என்ன பண்றீங்க?"

"விடறேன், அம்மிணி."

ஹெப்சிபாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உக்காருங்க அக்கா. மாஸ்டர் உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டு, என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்ற கேள்வி அது. நான் தலையை ஆட்டினேன். சுவரில் இருந்த இடுப்பெலும்புப் படத்தைக் காட்டி விளக்கினார். கலாமணி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். கடைசிக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டாள். ஹெப்சிபா, "அதுவும் இதனாலதான் அக்கா. அவரு உங்களை விட்டு விலகலை. வலியை விட்டு ஓடியிருக்காரு" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால். கவுந்தப்பாடி வந்தது. அங்கே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஊருல இருக்கற அத்தனை ஆம்பளைகிட்டயும் சக்கரை இருக்குதா, பிரஷர் இருக்குதான்னு கேக்கறேன். என்ற வூட்டு ஆளுகிட்டக் கேக்கத் தெரியலியே" என்றாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? என்னைப் புடிக்கலை, நான் கெழவியாயிட்டேன், அதான் தலகாணியத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டீங்கன்னு. ரெண்டு வருசம். கண்ணாடிய எத்தனை தடவை பாத்திருப்பேன்!"

ஹெல்மெட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "அது... ஹாலுல காத்து நல்லா..."

"காத்தா!" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் கோணியது. நான் படுத்திருந்த கோலம் கண்முன் வந்துவிட்டது போலிருக்கிறது. "கெரகத்த... காலைப் புடிச்சுக்கிட்டு... விடறேன் அம்மிணின்னு..." என்றாள். அவ்வளவுதான், இருவரும் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம். ரோட்டில் போன டவுன் பஸ் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

மார்ச் 14, வெள்ளி

ஹாலில் காற்று சரியில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஹெப்சிபாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். முதல் கியரில் தொடங்கி, ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்திக் காட்டினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுத் தலை நிமிர்ந்த பிறகுதான் மரத்தடியில் ஒரு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறேன் என்று கவனித்தேன். இரண்டு பக்கமும் பாரம் கொடுத்து!

தினமும் சாயங்காலம் கலாமணியும் நானும் நடக்கிறோம். டப்புக்கு "கார் கழுவுற டப்பு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. "இன்னைக்குக் கார் கழுவலீங்களா?" என்று பக்கத்து வீட்டார் முன்னாலேயே கேட்கிறாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சத்தியமங்கலத்தில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் சங்கக் கூட்டம். வழக்கமாக நான் கடைசியில் சுவரோரம் நிற்பேன். இன்றைக்குக் கவனித்தால், சுவரோரம் இடமே இல்லை. எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். தலைவர் கருப்பண்ணன் அண்ணன்கூட மேடையில் நாற்காலி இருக்க, மைக்கைப் பிடித்து நின்றுகொண்டேதான் இருந்தார். பாத்ரூம் வாசலில் எப்போதும் வரிசை. இத்தனை வருஷம் இது என் கண்ணில் படவே இல்லையே.

நன்றியுரை என் முறை. நன்றியைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, "இன்னொரு விசயமுங்க" என்றேன். வலி எங்கே, எப்படி, எத்தனை வருஷம், எதையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன், எதனால் குறைந்தது, எல்லாம் சொன்னேன். ஹெப்சிபாவின் பயிற்சியையும், வீட்டில் ஹாலில் படுத்ததையும் சொன்னேன். "நம்ம தொழிலுல பயத்த எங்க வெக்கிறதுன்னு தெரியாம அங்க வெச்சுப்போட்டேனுங்க. ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க. மொதல்ல டாக்டரப் பாத்து, வேற ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கோணும்."

யாரோ இருமினார்கள். மேடையை விட்டு இறங்கினேன், காது சுட்டது.

அப்போது கருப்பண்ணன் அண்ணன் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து, பின்னாலேயே வந்து என் காதோரம் குனிந்து, "தம்பி, அந்தப் புள்ள நம்பரு குடு. எனக்கு நாலு வருசமாச்சு" என்றார்.

மொத்த மண்டபத்துக்கும் கேட்டது. சுவரோரம் இருந்து ஒரு குரல்: "எனக்கும் குடுங்கண்ணா." பிறகு இன்னொன்று. பிறகு யார் யாரோ. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு சிலர் மட்டும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அதே மண்டபம். ஹெப்சிபா தன் காரைத் தானே ஓட்டி வந்தார். வாசல் தூணை இலேசாக உரசினார், யாரும் பெரிதுபடுத்தவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். கலாமணி பாய் விரித்தாள்.

இரண்டு தாலூகாவின் டிரைவிங் மாஸ்டர்கள், சாலையில் பார்த்தால் நீங்கள் பயப்படும் மீசைக்காரர்கள், வரிசையாக மல்லாந்து, தங்கள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கருப்பண்ணன் அண்ணன் வேட்டியில் வந்துவிட்டதால் ஒரு போர்வை தேவைப்பட்டது. "மூச்சை விடுங்க!" என்று ஹெப்சிபா சொன்னதும் மண்டபமே பெருமூச்சு விட்டது. கூடவே ஒருவர் வேறொன்றையும் விட்டார். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளைப்போல உருண்டு உருண்டு சிரித்ததில் அரைமணி நேரப் பயிற்சி வீணாகிவிட்டது. "வீணாகலை," என்றார் ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் எல்லாருக்கும் நல்லா இளகியிருக்கு."

திரும்பும்போது கலாமணியின் பையில் மூன்று புதுப் பாலிசி.

மே 6, செவ்வாய்

காலையில் எழுந்ததும் வலி. பழைய வலியேதான். நேற்று கோயம்புத்தூர் போய் வந்த அலுப்போ, கல்யாண வீட்டுக் காபியோ. சில நாள் இப்படித் திரும்பி வரும், வந்தால் பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் பயந்தேன். எல்லாம் போச்சு என்று கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பிறகு அடுக்களைக்குப் போய், "அம்மிணி, இன்னைக்கு நோவு எச்சா இருக்குது" என்றேன்.

மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "சரீங்க. முதல் வகுப்பை மத்தியானத்துக்கு மாத்துங்க. சித்த நடந்துட்டு வந்து வெந்நி வெச்சுக்கலாம்." அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வாய்க்கால் கரையில் மெதுவாக நடந்தோம். எதிரே தோட்டத்துச் சின்னச்சாமி அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன மாஸ்டரு, வேலை நேரத்துல ஜோடியா?"

"நோவுங்கண்ணா. அதான் நடக்கறேன்."

"அடடா. எங்க நோவு?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல், இடத்தின் பெயரைச் சொல்லியே சொன்னேன். அண்ணன் வாய் திறந்தபடி நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கலாமணியைப் பார்த்தார், பிறகு அவசரமாகத் தன் சைக்கிள் சீட்டைப் பார்த்தார்.

கலாமணியால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். சிரிக்கச் சிரிக்க வலித்தது. வலிக்கட்டும் என்று சிரித்தேன்.